தரையைத் தொடாத முப்பத்தாறு

கல்லடுக்கு ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சலேத்மேரியின் ஜீப்பு தரையைத் தொடாமல் நின்றது. அது எப்படி நிற்கும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கலாம். கல்லடுக்கில் ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை. "எவ்வளவு உசரம்?" என்றுதான் கேட்டார்கள்.

நாலு விரற்கடை.

ஒன்றரை வருஷமாக அந்த ஜீப்பு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சலேத்தின் தம்பி அமலதாசு அதைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றி, வத்தலக்குண்டிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் பழைய இரும்புக் கடைகளில் குப்புற விழுந்து தேடி, கிடைக்காத சாமானைக் கிடைக்க வைத்து, கிடைக்கவே கிடைக்காததைத் தானே ராவி எடுத்து, பட்டாளத்து ஏலத்தில் அப்பா எடுத்த அன்றைக்கு அது எந்தப் பச்சையில் இருந்ததோ அதே பச்சையை மூணு தடவை அடித்து, மூணு தடவையும் பிடிக்காமல் சுரண்டி, நாலாவது தடவை அடித்து முடித்தான். அன்றைக்குக் காலையில் கட்டைகளை உருவினான். முன்னால் ரெண்டு, பின்னால் ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஜீப்பு அப்படியே நின்றது.

"யக்கா, எறங்கல," என்றான்.

சலேத்து குனிந்து பார்த்தாள். நாலு டயருக்குக் கீழேயும் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கோழிக்குஞ்சு பின்பக்க டயருக்கு அடியில் புகுந்து மறுபக்கமாக வந்தது.

"எதுலயாச்சும் மாட்டியிருக்கும்டா."

"எதுலயும் மாட்டல."

"அப்ப எறங்கும். விடு. கஞ்சி குடிச்சிட்டு வா."

கஞ்சி குடித்துவிட்டு வந்தார்கள். இறங்கவில்லை.

இந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடைசி ரெண்டு எண் முப்பத்தாறு, அதனால் ஊரில் அதற்குப் பெயரும் முப்பத்தாறு. ஜீப்பு ஸ்டாண்டில் ஒன்பது வண்டிகள், எல்லாம் அரைக் கிழங்கள், அதில் முப்பத்தாறுதான் மூப்பு. கல்லடுக்குக்குப் பஸ் கிடையாது. ஆரஞ்சும் காப்பியும் மலைவாழைத் தாரும் கீழே இறங்குவதும், உப்பும் உரமும் கல்யாணப் பெண்ணும் மேலே ஏறுவதும் இந்த ஒன்பது வண்டியில்தான். சலேத்துக்கு நாற்பத்தொரு வயது. இடது காலில் ரெண்டு விரல் கிடையாது, பாதமும் கோணல். பத்தொன்பது வயதில் ஊற்றுப்பாறை ஏற்றத்தில் ஒரு கல் உருண்டு காலில் விழுந்தது என்று ஊருக்கே தெரியும். அவள் அப்பா அந்த ஆத்திரத்தில் கடப்பாரையோடு போய் அந்தக் கல்லைத் தேடிப் பிடித்து, நாலு அடி அடித்து, நெம்பிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தார் என்பதும் தெரியும். அந்தக் காலோடு காப்பித் தோட்டச் சரிவில் நின்று பழம் பறிக்க முடியாது. ஆனால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு ரெண்டு காலும் ஒன்றுதான். கிளட்சைக் குதிகாலால் மிதிப்பாள். இருபது வருஷம் மிதித்து மிதித்து, கிளட்ச் கட்டை கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்து, பிறை மாதிரி ஆகியிருந்தது. அமலன் ஜீப்பைக் கழற்றியபோது முதலில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டியது அந்தக் கட்டையைத்தான்.

அவள் ரோட்டைக் கண்ணால் பார்த்து ஓட்டியதில்லை. இடுப்பால் ஓட்டினாள். எந்தக் கல், எந்தக் குழி, எந்த வேர் என்று டயரில் ஏறி, ஸ்பிரிங் பட்டையில் ஏறி, சீட்டில் ஏறி, தண்டுவடத்தில் வந்து நிற்கும். மூடுபனியில் முன்னால் பானட்டே தெரியாத நாளில்கூட "இது ஆட்டுக்கல் வளைவு" என்று அவளுடைய பிட்டம் சொல்லிவிடும். அதை அவளே வெளிப்படையாகச் சொல்வாள், சொல்லிவிட்டு ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்க வைப்பாள்.

இப்போது அவள் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். ஒரே உதை. அப்படி ஒரு சத்தத்தை அந்த இஞ்சின் பிறந்த நாளிலிருந்து போட்டிருக்காது, பால் குடித்த பூனை மாதிரி. கியர் போட்டாள். நாலு சக்கரமும் காற்றில் ஜம்மென்று சுற்றின. வண்டி அங்கேயே நின்றது. இடுப்பில் ஒன்றுமே வந்து சேரவில்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அமலன் பார்க்கிறான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இறங்கும்போது கதவோரத்தைப் பிடித்தாள். வண்டி முழுசாக ஒரு முழம் நகர்ந்தது. ஒற்றை விரலால் தள்ளினாலே போதும் போலிருந்தது.

மத்தியானம் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பியதும் முப்பத்தாறு தானாகவே கொட்டகையை விட்டு வெளியே வந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் சந்து வழியாகப் போய், மாதா கோயில் திடலில் ரேஷன் கடைக்கு எதிரில் நின்றது. ஊர் அதை மாட்டுக் கயிறு போட்டு சவுக்கு மரத்தில் கட்டியது. அதற்குப் பிறகு அது திடலின் சாமானாகிவிட்டது. ரேஷன் வரிசை அதன் நிழலுக்கு வளைந்தது. குடல் ஏறி வயிறு வலிக்கிற பிள்ளைகளை அதன் அடியில் மூணு தடவை இப்படியும் அப்படியும் உருட்டி எடுத்தால் சரியாகிறது என்று யாரோ சொல்ல, புதன்கிழமையே ஆறு பிள்ளைகள் உருண்டன, நாலு பிள்ளைகளுக்குச் சரியானது, ரெண்டு பிள்ளைகளுக்கு நமைச்சல் வந்தது. பங்குச் சாமியார் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. ஆனால் அவரே முதுகுவலிக்காரர், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துண்டை விரித்து அடியில் ஒரு கண் தூங்கி எழுந்தார். தையல்காரர் அனிபா காலையும் மாலையும் அளவு நாடாவோடு வந்து குந்தி, டயருக்கும் தரைக்கும் நடுவில் அளந்து, கோயில் மதிலில் சாக்கட்டியால் எழுதிப் போட்டார். மூணு இஞ்சு. மூணு இஞ்சு. மூணு இஞ்சு.

இதில் மனசு நொந்தது ரெண்டு பேருக்கு. ஒருத்தர் பஞ்சர் கடை முத்துராக்கு.

"டயரே தேயாத வண்டிக்கு ஊருக்குள்ள என்ன சோலி?" என்று திடலில் நின்று கத்தினார். "இன்னைக்கு ஒண்ணு எந்திரிச்சிருக்கு. நாளைக்கு ஒம்போதும் எந்திரிச்சா நான் என்ன, காத்துக்கா பஞ்சர் ஒட்டுறது?"

இன்னொருத்தி சலேத்து. ஸ்டாண்டுத் தலைவர் வெள்ளைக்கண்ணு, வண்டிகளின் முறை எழுதிய பலகையிலிருந்து முப்பத்தாறைத் துடைத்துவிட்டார்.

"ரோட்டைத் தொடாத வண்டிக்கு முறை கெடையாது தாயி. ஒன்னய நான் வேணாம்னு சொல்லல. வண்டியத்தான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே," என்றாள் சலேத்து.

வெள்ளைக்கண்ணு பலகையை ஆணியில் திரும்ப மாட்டினார். அவர் கெட்டவர் இல்லை, விதிமுறைக்காரர். தன் வண்டி முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட எங்கேயும் சிக்கியதில்லை என்று சொல்லிச் சொல்லியே தலைவரானவர்.

புதன்கிழமை சாயந்திரம் கீழே அணைக்கட்டுப் பக்கம் விடுதி கட்டியிருக்கிற ஒருத்தர் வெள்ளைச் செருப்போடு வந்து சேர்ந்தார். முப்பத்தாறைச் சுற்றி மூணு தடவை நடந்தார், கயிற்றைத் தொட்டார், அடியில் கை விட்டுப் பார்த்தார். விடுதி முன்கூடத்தில் கண்ணாடி விளக்குக்குக் கீழே இது இப்படியே நின்றால் ஊர் உலகமெல்லாம் வந்து படம் எடுக்கும் என்றார். வண்டி அமலன் பெயரில்தான் இருந்தது, பொம்பளைப் பிள்ளை பெயரில் வண்டி எழுத அப்பாவுக்கு மனசு வரவில்லை. அமலன் துணியால் பானட்டை ஒரு தரம் துடைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாரி கொண்டுவாருங்கள் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சலேத்து சோற்றுக் கரண்டியை அவன் மேல் வீசினாள்.

"என்னயக் கேட்டியாடா நீயி?"

"அது ஓடாதுக்கா."

"நீ கெடுத்த. நீயே சரி பண்ணு. ஒம் மெக்கானிக் தெறமைய அதுல காட்டு."

"நான் எதையும் கெடுக்கல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே." கரண்டியை எடுத்து அலமாரியில் வைத்தான். "போயி நிக்கட்டும்க்கா. சொகமா நிக்கட்டும். இனிமே அது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

கரண்டி பட்ட இடத்தில் அவனுக்கு நெற்றி வீங்கியிருந்தது. அமலனுக்கு முப்பத்துநாலு வயது, மலையில் அவனைப் போல ஜீப்பு தெரிந்தவன் கிடையாது, ஆனால் அவன் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. கண் சரியில்லை என்பான். ஊசி முனையில் துரு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்.

வியாழக்கிழமை முத்துராக்கு குடித்துவிட்டு வந்தார். வழக்கம்போலக் கத்தினார். கத்திக் களைத்ததும் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி முப்பத்தாறின் மேல் எறிந்தார். முதல் நாள் மழை. செருப்பு முழுக்க அவர் கடை வாசல் பள்ளத்துச் சேறு. சேறு பின்சக்கரத்து மட்கார்டில் போய் அப்பிக்கொண்டது, செருப்பு கீழே விழுந்தது, அமலன் துடைக்கத் துணியோடு ஓடிவந்தான். அதற்குள் அனிபா நாடாவை வைத்துவிட்டார்.

"தம்பி, தொடைக்காத!" என்றார். "கால் இஞ்சு கம்மி."

இரண்டாந்தரம் அளந்தார். கால் இஞ்சு கம்மிதான். திடலில் இருந்த பிள்ளைகள் விடுவார்களா, வயலுக்கும் ஓடைக்கும் ஓடி வாளி வாளியாகச் சேறு கொண்டுவந்து, அமலன் தலையிலடித்துக்கொள்ள, முப்பத்தாறை எருமை மாதிரி மெழுகினார்கள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அனிபா தாடியைச் சொறிந்தார். முத்துராக்கைப் பிடித்து உட்கார வைத்து, "ஒன் வாசப் பள்ளத்துல அப்படி என்னய்யா இருக்கு?" என்றார்.

முத்துராக்கு ஒற்றைச் செருப்போடு கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"எங் கல்யாணத்தன்னைக்கு இந்த வண்டி அங்கதான் சிக்குச்சு," என்றார். "பதினோரு வருசம் ஆச்சு. எல்லாரும் எறங்கித் தள்ளுனாங்க. நான் மாப்பிள்ளைன்னு வேட்டி கசங்கக் கூடாதுன்னு உள்ளயே உக்காந்துக்கிட்டேன். எம் பொண்டாட்டி பட்டுச்சேலையோட எறங்கித் தள்ளுனா. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறா."

அவர் சொல்லி முடித்ததும் முப்பத்தாறு இன்னும் ஒரு நூல் இறங்கியது. அனிபாவுக்கு நாடாகூடத் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் ஊருக்குப் பழைய வழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. கல்லடுக்கில் எந்த ஜீப்பைப் பிரித்து வேலை பார்த்தாலும், வண்டியின் அடிச்சட்டத்துக்குள்ளே இருந்து சுரண்டி எடுக்கிற அடிமண்ணைத் தகர டின்னில் போட்டு வைத்திருந்து, வேலை முடிந்ததும் தண்ணீரில் குழைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப அப்புவார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது, எதற்கு வம்பு என்று எல்லோரும் செய்வார்கள், கீழூர் மெக்கானிக்குகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அமலனும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அவன் சட்டத்தை லாரியில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய், தண்ணி சர்வீசில் பீய்ச்சியடித்து, அறுபது வருஷத்து மண்ணையும் ஒரு பொட்டு விடாமல் சாக்கடைக்கு அனுப்பியிருந்தான். சட்டம் அம்மா வயிற்றிலிருந்து வந்த மாதிரி இருந்தது என்று வந்து பெருமையாக வேறு சொல்லியிருந்தான்.

"ஏண்டா தாசு, ஒனக்குத் தெரியாதா?" என்று வெள்ளைக்கண்ணு கேட்டார்.

"தெரியும்," என்றான்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கல்லடுக்கில் ஒருத்தரும் தோட்ட வேலைக்குப் போகவில்லை. முப்பத்தாறு எங்கெங்கே சிக்கியதோ அங்கிருந்தெல்லாம் மண் வந்தது. முறத்தில் வந்தது, முந்தியில் வந்தது, தூக்குவாளியில் வந்தது, வாழை மட்டையில் வந்தது. பேச்சியம்மா தன் மூத்த மகன் ஜீப்புக்குள்ளேயே பிறந்த குதிரைக்கால் ஓடை மணலைக் கொண்டுவந்து, அன்றைக்கு வலி தாங்காமல் சலேத்தின் காதைக் கடித்துவிட்டதைச் சொல்லி, இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டாள். ஆரஞ்சு வியாபாரி ஒருத்தர் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றிப் பட்டை ஒடிந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து, மூட்டைக் கணக்கை அன்றைக்குக் குறைத்துச் சொன்னதை ஒப்புக்கொண்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பள்ளத்து மண்ணை ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்து, சிக்கியது யார் வீட்டு எழவுக்குப் போகும்போது என்று சண்டை போட்டு, கடைசியில் போகும்போது ஒரு தரம் வரும்போது ஒரு தரம் என்று சமாதானமாகி, ரெண்டு கூடையையும் சேர்த்து அப்பினார்கள். சொல்லச் சொல்ல, அப்ப அப்ப, முப்பத்தாறு இறங்கியது. மதிலில் அனிபாவின் எண்கள் இறங்கின. ரெண்டே முக்கால். ரெண்டு. ஒன்றரை. முத்துராக்கின் செருப்புச் சேறு ஒன்றுதான் சொல்லாமலே வேலை செய்தது; அதற்குப் பிறகு சும்மா கொண்டுவந்து அப்பினால் எதுவும் நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி அப்பினால்தான் இறங்கியது. அந்த விதியை யாரும் போடவில்லை. ஆனால் ரெண்டாவது நாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை உச்சிவெயிலில் வெள்ளைக்கண்ணு ஒரு கொட்டாங்கச்சி நிறையச் செம்மண்ணோடு வந்தார்.

"சும்மா வழியில கெடந்துச்சு," என்று அப்பினார்.

ஜீப்பு அசையவில்லை. அவர் போகவும் இல்லை. செருமினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"புளிச்சோலை எறக்கம்," என்றார் கடைசியில். "என் வண்டி கெடந்துச்சு, அச்சு வரைக்கும். இந்தப் புள்ளதான் முப்பத்தாறக் கொண்டாந்து கயிறு போட்டு இழுத்தா. இதுவும் சேந்து சிக்குச்சு. ரெண்டு பேரும் நாலு மணி நேரம் வெட்டி எடுத்தோம். யார்கிட்டயும் சொல்லாத தாயின்னேன். சொல்லல."

கால் இஞ்சு இறங்கியது. முத்துராக்கு விசில் அடித்தார். வெள்ளைக்கண்ணு பலகையை எடுத்துவரச் சொல்லி, எல்லோரும் பார்க்க, அவர் கையாலேயே முப்பத்தாறைத் திரும்ப எழுதினார். முதல் முறை. ஆனால் தரையைத் தொட்டால்தான் என்று பக்கத்திலேயே எழுதினார், விதிமுறைக்காரர் இல்லையா.

சனிக்கிழமை சாயந்திரம் ஊரில் மண்ணும் தீர்ந்தது, ஞாபகமும் தீர்ந்தது. அனிபா அளந்தார். முக்கால் இஞ்சு. ஒரு விரற்கடை.

சலேத்துக்கு இன்னொரு இடம் தெரியும். வியாழக்கிழமையிலிருந்தே தெரியும். எல்லோரும் கலைந்ததும் அவள் யாரையும் கூப்பிடாமல் ஊற்றுப்பாறை ஏற்றத்துக்கு நடந்து போனாள், அந்தக் காலோடு ஒன்றரை மைல். மலையிலேயே அங்கே மட்டும்தான் மண் வெள்ளையாக இருக்கும், பசை மாதிரி. ஒரு கை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டு வந்து, கிளட்ச் கட்டைக்கு நேர் கீழே, சட்டத்தில் அப்பினாள். வாயைத் திறக்கவில்லை. ஜீப்பும் இறங்கவில்லை. இறங்காது என்று அவளுக்கும் தெரியும். சொன்னால் வண்டி வரும், தம்பி போவான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அவன் முகத்தில் ஊர் துப்புவதைப் பார்த்துக்கொண்டு எந்த வண்டியை ஓட்டுவது? திடலில் கொஞ்ச நேரம் நின்றாள். முன்கண்ணாடியை முந்தியால் துடைத்தாள். பானட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வெளியே வரும்போது லாரி வந்து நின்றிருந்தது. விடுதிக்காரர் முப்பத்தாறைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க இது, இவ்வளவு சேறு? உயரமும் கம்மியாயிட்ட மாதிரி இருக்கே."

"ஒரு விரக்கடை இருக்கு," என்றார் அனிபா உண்மையாக.

"அது போதும். கழுவிக்கலாம். கயித்த அவுருங்க."

ஒருத்தரும் கயிற்றில் கை வைக்கவில்லை. விடுதிக்காரர் அமலனைப் பார்த்தார். அமலன் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான். குனிந்தவன் கிளட்ச் பக்கம் சட்டத்தில் ஒரு கை வெள்ளை மண்ணைப் பார்த்தான். அஞ்சு விரல் தடம் தெளிவாக இருந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா. நீ போனியா?"

"வாய மூடிக்கிட்டுக் கயித்த அவுரு," என்றாள் சலேத்து. "நேரமாகுதுல்ல அவுகளுக்கு."

"அந்தக் காலோடவா போன?"

"டேய், பேசாத."

"கல்லு உருளல," என்றான் அமலன். அவ்வளவு சத்தமாக அவன் ஒருநாளும் பேசியதில்லை. "ஊத்துப்பாறையில எந்தக் கல்லும் உருளல. எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பாவுக்குக் காய்ச்சல். ஆரஞ்சு அழுகிரும்னு அக்காதான் வண்டிய எடுத்துச்சு, நானும் போனேன். ஏத்தத்துல சிக்குச்சு. என்னயத் தூக்கி சீட்டுல வச்சு, கிளட்ச மிதிச்சுக்கிட்டே இரு, நான் தட்டுனதும் மெதுவா விடுன்னு சொல்லிட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைக்கப் பின்னாடி போச்சு. எனக்குக் கால் எட்டல. நுனியிலதான் மிதிச்சேன். வழுக்கிருச்சு. வண்டி ஒரு எகிறு எகிறி, அணைஞ்சு, பின்னால போச்சு." மூச்சு வாங்கினான். "அக்கா கத்தக்கூட இல்ல. கல்லு உருண்டுச்சுன்னு சொல்லு, அப்பா ஒன்னக் கொன்னுருவாருன்னு சொல்லுச்சு. அப்பா போயி கல்ல அடிச்சாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பிறகு எத்தன வருசம், அந்தக் கிளட்ச் கட்டை ஒரு பக்கமாவே தேயுறதப் பாத்துக்கிட்டே… அதான் எல்லாத்தயும் கழுவுனேன். ஒரு பொட்டு இல்லாம போயிட்டா…"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை, முப்பத்தாறு முடித்தது. டொம். நாலு டயரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தன, பட்டைகள் கிறீச்சென்று முனகின, மூணு நாளாக அப்பிய மண்ணில் பாதி பொலபொலவென்று உதிர்ந்து எல்லோர் காலிலும் விழுந்தது. பின்சீட்டில் முட்டையிட்டிருந்த கோழி கத்திக்கொண்டு பறந்தது. அனிபா நாடாவைக் கொண்டுபோய் டயருக்கடியில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

யாரும் துப்பவில்லை. பேச்சியம்மா, "பன்னெண்டு வயசுப் பயகிட்ட வண்டியக் குடுத்தது யாரு தப்பு? ஒந் தப்புடி," என்று சலேத்தின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "ஆமா, எந் தப்புதான்," என்றாள் சலேத்து. வெள்ளைக்கண்ணு, "அந்தக் கல்லுதான் பாவம்," என்றார். முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லோரும், சாமியார் அங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமலன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான், பார்க்கவே சகிக்கவில்லை.

"இறங்கிருச்சே," என்றார் விடுதிக்காரர், பலூன் வெடித்த பிள்ளை மாதிரி.

"வண்டின்னா எறங்கத்தான் சார் செய்யும்," என்றார் முத்துராக்கு.

லாரி காலியாகத் திரும்பிப் போனது.

சலேத்து தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். "ஏறு," என்றாள்.

"எங்க?"

"சீட்டுல ஏறு. எடு. நான் பின்னால நிக்கிறேன்."

"வேணாம்க்கா."

"இப்பக் கால் எட்டும்ல? ஏறுடா."

திடல் கோயில் பக்கமாக மேடு. முப்பத்தாறு மேட்டைப் பார்த்து நின்றது, பின்னால் சரிவு. சலேத்து போய்ப் பின்பக்கத்தில் ரெண்டு கையையும் வைத்து நின்றாள். கோணல் கால் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருந்தது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்தாள். வெள்ளைக்கண்ணு அவளை இழுக்க வந்தார், முறைத்த முறையில் நின்றுவிட்டார். அமலன் ஏறினான். ரெண்டாவது உதையில்தான் கிளம்பியது. கியர் விழுந்தது. ஹாண்ட் பிரேக்கை இறக்கினான். முப்பத்தாறு ஒரு சாண் பின்னால் வந்தது. சலேத்து காலை எடுக்கவில்லை. பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள், மெதுவா விடு என்று.

விட்டான். மெதுவாக விட்டான். டயர் மண்ணைக் கவ்வியது. ஜீப்பு அவள் கைகளை விட்டு முன்னால் போனது, மேட்டில் ஏறியது, மாதா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது, சுற்றி வரும்போது அமலன் ஊமை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். சலேத்து முதல் தடவையாகத் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அங்கேயேதான் இருந்தது.

பிறகு அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். ஏற முடிந்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள், முன்னால் நாலு, பின்னால் பதினொன்று, பானட்டில் அந்தக் கோழியை அணைத்துக்கொண்டு ஒரு பிள்ளை. குதிகாலால் கிளட்சை மிதித்தாள். புதுக் கட்டை வழுவழு என்று இருந்தது. தேயட்டும், இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. ரோட்டில் இறங்கிய முதல் குழியிலேயே தூக்கிப் போட்டது. வலி தண்டுவடத்தில் விண்ணென்று ஏறி மண்டையில் அடித்தது.

"யம்மா!" என்று பின்னால் பதினொரு பேரும் அலறினார்கள்.

"ஆகா," என்றாள் சலேத்து. "ஆட்டுக்கல் வளைவு."

அந்த வளைவு தாண்டி, முத்துராக்கு கடைக்கு முன்னால், பின்பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம், பிறகு உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. லாட ஆணி. எல்லோரும் இறங்கினார்கள். முத்துராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டயர் முன்னால் முழங்கால் போட்டு, தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். "அழகா ஏறியிருக்கு," என்றார். உள்ளே ஓடிப்போய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சலேத்து அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, காற்றுப் போன டயரைப் பார்த்தாள். அது அவ்வளவு தட்டையாக, அவ்வளவு அகலமாக, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடனே தூக்க அவளுக்கு மனசு வரவில்லை.